கொடைக்கானல் சுற்றுலா

கொடைக்கானல் சுற்றுலா என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள கொடைக்கானல் நகரையும், அதனைச் சூழ்ந்த பழனி மலைகளின் சோலைகள், புல்வெளிகள், அருவிகள், மலையூர்கள் ஆகியவற்றையும் காண மேற்கொள்ளப்படும் பயணங்களைக் குறிக்கும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இந்நகரம் "மலைகளின் இளவரசி" என்று அழைக்கப்படுகின்றது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 36,501 ஆகும்.

பழனி மலைகளின் உயர்ந்த பகுதியை உயிரியலாளர்கள் "வானத்தீவு" என்று வகைப்படுத்துகின்றனர். கடல் நடுவே அமைந்த தீவைப் போல, வெப்பமான சமவெளிகளின் நடுவே தனித்து நிற்கும் குளிர்ந்த நிலப்பகுதி என்பது இதன் பொருள். பயணிகள் பெரும்பாலும் காணும் ஏரி, பூங்கா, பைன் காடு ஆகியவை கடந்த 160 ஆண்டுகளில் மனிதரால் உருவாக்கப்பட்டவை. அவற்றுக்கு முன்பிருந்தே இங்குள்ள சோலைகளும் புல்வெளிகளும் இதே காலத்தில் பெருமளவு சுருங்கியுள்ளன.

பெயர்

கொடைக்கானல் என்னும் பெயர் கொடை, கானல் என்னும் இரு சொற்களால் ஆனது. கானல் என்பது இங்கு காட்டைக் குறிக்கும். முதற்பகுதியைக் கொடையாகக் கொண்டு "காடு தந்த கொடை" என்றும், கோடை என்பதன் திரிபாகக் கொண்டு "கோடைக்குரிய காடு" என்றும், கொடி என்பதன் திரிபாகக் கொண்டு "கொடிகள் படர்ந்த காடு" என்றும் பலவாறு விளக்கம் கூறுவர்.

சங்க இலக்கியத்தில் கோடை மலை பேசப்படுகின்றது. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் பாடிய கடிய நெடுவேட்டுவன் கோடை மலைக்குத் தலைவனாகக் குறிப்பிடப்படுகின்றான். மலையின் வடக்கு அடிவாரத்தில் உள்ள பழனி, சங்க காலத்தில் பொதினி எனப்பட்டது. மயிலுக்குப் போர்வை அளித்த வையாவிக் கோப்பெரும் பேகன் இப்பகுதியை ஆண்ட ஆவியர் குடியைச் சேர்ந்தவன்.

புவியியல்

பழனி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் ஒரு கிளைத் தொடராகும். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கிமீ நீளமும், வடக்கு தெற்காக ஏறத்தாழ 40 கிமீ அகலமும் கொண்ட இம்மலைகளின் பரப்பளவு சுமார் 2,068 சதுர கிலோமீட்டர் ஆகும். 2,553 மீட்டர் உயரமுள்ள வந்தரவு இதன் மிக உயர்ந்த முடியாகும். கிழக்கே உள்ள தாழ்ந்த பகுதி கீழ்ப்பழனி மலை என்றும், மேற்கே உள்ள உயர்ந்த பகுதி மேல்பழனி மலை என்றும் வழங்கப்படுகின்றன. கீழ்மலையில் காப்பி, மலைவாழை, மிளகு, ஆரஞ்சு ஆகியனவும், மேல்மலையில் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட் முதலியனவும் பயிரிடப்படுகின்றன.

தெற்குச் சரிவின் ஓடைகள் வைகை ஆற்றையும், வடக்குச் சரிவின் ஓடைகள் சண்முகநதி, நங்காஞ்சி, குடகனாறு முதலியவற்றின் வழியாக அமராவதி ஆற்றையும் சேர்கின்றன. எனவே மலையின் மீது பெய்யும் மழை, பயணிகளுக்கு மட்டுமன்றித் தேனி, திண்டுக்கல், கரூர் மாவட்டச் சமவெளிகளின் உழவுக்கும் இன்றியமையாதது.

எரிமலைத் தீவுகளுடன் ஒப்பீடு

உயிரியலில் தீவு என்றவுடன் அவாய் போன்ற எரிமலைத் தீவுகளே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அவை கடலடியில் இருந்து பாறைக்குழம்பு வெளியேறிக் குவிந்து உருவானவை. இந்தியாவில் உயிர்ப்புள்ள ஒரே எரிமலை அந்தமான் கடலில், போர்ட் பிளேரில் இருந்து ஏறத்தாழ 135 கிமீ தொலைவில் உள்ள பாரன் தீவாகும். நெடுங்காலம் அடங்கியிருந்த இது, 1991ஆம் ஆண்டில் மீண்டும் உயிர்ப்புற்றது. பயணிகள் இத்தீவில் இறங்க முடியாது. கப்பலில் இருந்தே காண இயலும்.

பழனி மலைகள் எரிமலையால் ஆனவை அல்ல. இவை பெரும்பாலும் சார்னோக்கைட்டு என்னும் கடினமான படிகப் பாறையால் ஆனவை. பூமியின் மேலோட்டில் மிக ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான இப்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடையவை. பிற்காலத்தில் நிலம் மேலெழுந்து, மேலிருந்த பாறை அடுக்குகள் அரிக்கப்பட்ட பின் இவை வெளித்தெரிந்தன. சென்னைப் பரங்கிமலையிலும் இவ்வகைப் பாறையே உள்ளது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இப்பாறையால் ஆனதால் இதற்கு அப்பெயர் இடப்பட்டது.

தோற்றம் வேறாயினும் விளைவு ஒன்றே. பழனி மலையின் அடிவாரச் சமவெளி 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேல்மலையின் குளிருக்குப் பழகிய உயிரினம் அச்சமவெளியைக் கடந்து மற்றொரு மலைக்குச் செல்வது, தீவில் வாழும் உயிரினம் கடலைக் கடப்பதை ஒத்தது. இதனால் ஒவ்வொரு மலைத்தொகுதியிலும் உயிரினங்கள் தனித்தனியே மாறுபட்டு வளர்ந்துள்ளன. சோலைகளின் தரைப்பகுதியில் வாழும் நீலநிறச் சிறுபறவை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனமும், தெற்கே பழனி, ஆனைமலைப் பகுதிகளில் வெண்மையான வயிறு கொண்ட மற்றோர் இனமும் காணப்படுகின்றன. பழனிச் சிரிப்பான் என்னும் பறவையின் அறிவியற்பெயர், 19ஆம் நூற்றாண்டில் இம்மலைகளில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்க மதப்பணியாளர் சாமுவேல் பேர்பாங்கு என்பவரைக் குறிக்கின்றது.

வரலாறு

பளியர், புலையர் ஆகியோர் இம்மலைகளின் தொல்குடிகள் ஆவர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் காணப்படும் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இங்கு மிகப் பழங்காலத்திலேயே மக்கள் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. பின்னாளில் சமவெளியிலிருந்து வந்த குன்னுவர் முதலிய வேளாண் சமூகத்தினர் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற ஊர்களில் படிக்கட்டு வயல்களை அமைத்தனர்.

1821ஆம் ஆண்டில் நில அளவைப் பணிக்காக வந்த ஆங்கிலேய அலுவலர் பி. எஸ். வார்டு, மலைச்சரிவில் உள்ள வெள்ளகவி என்னும் ஊரைத் தளமாகக் கொண்டு மேல்மலையை அளந்தார். 1836ஆம் ஆண்டில் தாவரவியலாளர் இராபர்ட் வைட் இங்கு வந்து தாவரங்களைச் சேகரித்தார். 1845ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிசன் இங்கு முதல் இரண்டு வீடுகளைக் கட்டியது. சமவெளியில் பரவிய காய்ச்சல்களில் இருந்து தம் குடும்பத்தினரைக் காப்பதே மதப்பணியாளர்களின் நோக்கமாக இருந்தது. ஆகவே கொடைக்கானலின் முதல் வெளியூர்ப் பயணிகள் உடல்நலம் தேடி வந்தவர்கள் எனலாம்.

அக்காலத்தில் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்தில் இருந்து கால்நடையாகவோ, குதிரையிலோ, சுமைதூக்குவோர் தோளில் சுமந்த நாற்காலியிலோதான் மலையேற முடிந்தது. 1914ஆம் ஆண்டில் வத்தலக்குண்டு வழியான மலைப்பாதை கட்டி முடிக்கப்பட்டது. இது லாஸ் காட் சாலை என்று அழைக்கப்படுகின்றது. தானுந்துகள் மலையேறத் தொடங்கியதும் பயணிகளின் எண்ணிக்கை பெருகியது.

பார்க்கத்தக்க இடங்கள்

ஏரி

நகரின் நடுவே விண்மீன் வடிவில் அமைந்துள்ள ஏரி செயற்கையானது. மதுரை ஆட்சியராக இருந்த வேர் என்றி லெவிஞ்சு 1863ஆம் ஆண்டில் சதுப்பு நிலம் ஒன்றின் ஓடைகளைத் தடுத்து இதனை உருவாக்கினார். பல ஓடைப் பள்ளங்களில் நீர் தேங்கியதே இதன் விண்மீன் வடிவத்திற்குக் காரணம். பரப்பளவு ஏறத்தாழ 60 ஏக்கர், சுற்றளவு ஏறத்தாழ 5 கிமீ. முதல் படகு தூத்துக்குடியில் இருந்து கொண்டுவரப்பட்டது. 1890ஆம் ஆண்டில் படகுக் குழாம் தொடங்கப்பட்டது. ஏரிக்கரையில் மிதிவண்டி ஓட்டுவதும் குதிரையேற்றமும் பயணிகளிடையே பரவலாக உள்ளன.

ஏரியில் இருந்து வழியும் நீரே மலைப்பாதையில் சுமார் 8 கிமீ தொலைவில் வெள்ளி அருவியாக விழுகின்றது. இதன் உயரம் ஏறத்தாழ 180 அடி ஆகும். நகரின் கழிவுநீர் ஏரியில் கலந்தால் அதுவே அருவியாகவும் இறங்கும் என்பது கவனிக்கத்தக்கது.

கோக்கர்ஸ் வாக்கும் பிரையண்ட் பூங்காவும்

1872ஆம் ஆண்டில் கோக்கர் என்னும் ஆங்கிலேய அலுவலர் செங்குத்தான தெற்குச் சரிவின் விளிம்பில் ஏறத்தாழ 1 கிமீ நீள நடைபாதையை அமைத்தார். வானம் தெளிந்த காலை நேரத்தில் இங்கிருந்து பெரியகுளம் சமவெளியைக் காணலாம். 1908ஆம் ஆண்டில் எச். டி. பிரையண்ட் என்பவரால் திட்டமிடப்பட்ட பூங்கா ஏரியின் கிழக்கே, ஏறத்தாழ 20 ஏக்கர் பரப்பில் உள்ளது. ஆண்டுதோறும் மே மாதத்தில் இங்கு மலர்க் கண்காட்சி நடைபெறும்.

தூண் பாறைகளும் குணா குகையும்

தூண் பாறைகள் அருகருகே நிற்கும் மூன்று பாறைகளாகும். ஏறத்தாழ 122 மீட்டர் உயரம் கொண்டவை. எரிமலைக் குழம்பு குளிரும்போது உருவாகும் தூண்களை இப்பெயர் நினைவூட்டினும், பழம்பாறையின் நெடுக்கு வெடிப்புகளில் நீர் புகுந்து அரித்ததே இவற்றின் வடிவத்திற்குக் காரணம்.

அத்தகைய வெடிப்புகள் ஆழமான பிளவுகளாக விரிந்த இடமே குணா குகை. ஆங்கிலேயர் இதனைப் "பேயின் சமையலறை" என்னும் பொருள்பட அழைத்தனர். 1991ஆம் ஆண்டில் வெளியான குணா திரைப்படத்தின் காட்சிகள் இங்கு எடுக்கப்பட்ட பின் இப்போதைய பெயர் நிலைத்தது. 2006ஆம் ஆண்டில் கேரளத்தின் மஞ்ஞும்மல் என்னும் ஊரில் இருந்து வந்த இளைஞர் குழுவில் ஒருவர் பிளவுக்குள் விழுந்து, நண்பர் ஒருவரால் உயிருடன் மீட்கப்பட்டார். இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்ட மஞ்ஞும்மல் பாய்ஸ் என்னும் மலையாளத் திரைப்படம் 2024ஆம் ஆண்டில் வெளியானபோது இங்கு கூட்டம் பெருகியது. பிளவுகளுக்குள் இறங்க அனுமதி இல்லை. வேலிக்கு வெளியே இருந்துதான் பார்க்க முடியும். இலைச் சருகுகளும் மர வேர்களும் பிளவுகளின் வாயை மறைப்பதால், வேலியைத் தாண்டுவது உயிருக்கு ஆபத்தானது.

சூரிய ஆய்வகம்

1899ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நகரை விட உயரமான, ஏறத்தாழ 2,343 மீட்டர் உயரமுள்ள இடத்தில் உள்ளது. 1876-78 காலத்துச் சென்னை மாகாணப் பஞ்சத்திற்குப் பின், சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் ஆர்வம் எழுந்தது. இவ்வாய்வகம் அமைக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாகும். 1909ஆம் ஆண்டில் ஜான் எவர்செட், சூரியப் புள்ளிகளில் வளிமங்கள் மையத்தில் இருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கு கண்டறிந்தார். இது எவர்செட் விளைவு எனப்படுகின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்களின் தொகுப்பு இங்கு பேணப்படுகின்றது. தற்போது இவ்வாய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றது.

குறிஞ்சி ஆண்டவர் கோயில்

இலங்கைத் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி இராமநாதனால் 1936ஆம் ஆண்டில் கட்டப்பட்ட முருகன் கோயில் இது. வடக்கே பழனிக் கோயில் குன்றையும் சமவெளியையும் இங்கிருந்து காணலாம். குறிஞ்சி நிலத்தின் கடவுள் முருகன் என்னும் மரபும், இம்மலைகளில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் கோயிலின் பெயரில் இணைகின்றன.

பேரிஜம் ஏரி

நகரின் தென்மேற்கே காப்புக் காட்டினுள் அமைந்துள்ள இவ்வேரிக்கு வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல முடியும். நாள்தோறும் அனுமதிக்கப்படும் வண்டிகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டுள்ளது. இதன் நீர் பெரியகுளம் நகரின் குடிநீருக்குப் பயன்படுகின்றது.

மலையூர்கள்

நகரைத் தாண்டிச் செல்லும் பயணிகள் மேல்மலை ஊர்களைக் காண்கின்றனர். பூம்பாறை படிக்கட்டு வயல்களுக்கும் குழந்தை வேலப்பர் கோயிலுக்கும் பெயர்பெற்றது. இக்கோயிலின் முருகன் சிலை போகர் என்னும் சித்தரால் நவபாசாணத்தில் செய்யப்பட்டது என்பது மரபு. இப்பகுதியில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மன்னவனூரில் நடுவண் அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையமும் பரந்த புல்வெளிகளும் உள்ளன.

வட்டக்கானலுக்கு அப்பால், டால்பின் நோஸ் எனப்படும் பாறை முனையைக் கடந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை வெள்ளகவியை அடைகின்றது. நெடுங்காலம் சாலை இல்லாதிருந்த இவ்வூரில், ஊர் முழுவதும் கோயில்கள் இருப்பதால் மக்கள் ஊருக்குள் காலணி அணிவதில்லை. நடைபயணமாக வருவோரும் இவ்வழக்கத்தை மதிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

சூழல் மாற்றங்கள்

மேல்மலையின் இயற்கை அமைப்பு பள்ளங்களில் சோலையும் முகடுகளில் புல்வெளியும் ஆகும். சோலை என்பது குட்டையான, பாசி படர்ந்த பசுமைமாறா மரங்களின் அடர்ந்த தொகுதி. இவ்விரண்டும் சேர்ந்து மழைநீரை உறிஞ்சி, கோடையிலும் ஓடைகள் வற்றாமல் மெல்ல வெளியிடுகின்றன. காட்டுமாடு, கேளையாடு, கருமந்தி, நீலகிரி வரையாடு ஆகியன இப்பகுதி விலங்குகளாகும்.

ஆங்கிலேயர் புல்வெளியை வீணான நிலமாகக் கருதினர். விறகுக்கும் பின்னர் தொழிற்சாலைகளின் தேவைக்கும் தைலமரம், பைன், சீகை ஆகிய அயல்மரங்கள் நடப்பட்டன. இப்பணி விடுதலைக்குப் பின்னரும் விரிவாகத் தொடர்ந்தது. பட்டையில் இருந்து தோல் பதனிடும் பொருளைத் தரும் சீகை, நட்ட இடத்தோடு நில்லாமல் தானாகவே பரவியது. இன்று பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் பைன் காடும் இத்தகைய தோட்டமே.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்யப்பட்டு 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, 1973ஆம் ஆண்டிற்குப் பின்னான நாற்பது ஆண்டுகளில் பழனி மலைகளின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் இதற்கு முதன்மைக் காரணங்கள். மலை பசுமையாகத் தோன்றுவதால் இவ்விழப்பு வெளியூரார் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

1985ஆம் ஆண்டில் பழனி மலைப் பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டது. 2013ஆம் ஆண்டில் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் காட்டுயிர் உய்விடமாக அறிவிக்கப்பட்டது. அயல்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்பது எளிதன்று. சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் முளைத்து வருவதால், எல்லா இடத்திலும் ஒரே முறையைக் கையாள இயலாது.

பாதரச மாசு

1983ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இருந்து ஒரு பாதரச வெப்பமானித் தொழிற்சாலை கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. பின்னாளில் இந்துசுத்தான் யூனிலீவர் நிறுவனத்தின் உடைமையான இது, பாம்பார் சோலையை நோக்கிய சரிவின் மேல் இருந்தது. 2001ஆம் ஆண்டில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் நகரில் உள்ள பழைய பொருள் கிடங்கு ஒன்றில் இருப்பது வெளிப்பட்டதும், மக்கள் போராட்டத்தைத் தொடர்ந்து தொழிற்சாலை மூடப்பட்டது. 2003ஆம் ஆண்டில் ஏறத்தாழ 290 டன் கழிவுகள் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 2016ஆம் ஆண்டில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. புகையற்ற, மாசற்ற மலைநகரம் என்னும் எண்ணத்தை மறுபரிசீலனை செய்ய வைத்த நிகழ்வாக இது கருதப்படுகின்றது.

பயணிகள் வரவும் கட்டுப்பாடுகளும்

ஏப்ரல் முதல் சூன் வரை பயணிகள் வரவு உச்சத்தை அடைகின்றது. நகரின் குடிநீர் ஆய்வகப் பகுதியில் உள்ள நீர்த்தேக்கத்தையும் மனோரத்தினம் சோலை நீர்த்தேக்கத்தையும் பெரிதும் நம்பியுள்ளது. மழை குறைந்த இக்கோடை மாதங்களிலேயே தேவை மிகுவதால் உள்ளூர் மக்கள் நீர்த் தட்டுப்பாட்டுக்கு உள்ளாகின்றனர். மலைப்பாதையில் வண்டிகள் மணிக்கணக்கில் தேங்குவதால் நோயாளிகளைச் சமவெளி மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்வதும் தடைப்படுகின்றது. மறுபுறம், விடுதி, உணவகம், வாடகைக் கார், குதிரை, வீட்டுச் சாக்லேட்டு, பழக்கடை ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இம்மூன்று மாத வருமானமே ஆண்டு முழுவதற்கும் ஆதாரமாக உள்ளது. எனவே எந்தக் கட்டுப்பாடும் இவர்களது வாழ்வை நேரடியாகத் தொடுகின்றது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையின்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு மின்னணு அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. முதலில் இது எண்ணிக்கையைக் கணக்கிடும் ஏற்பாடாகவே இருந்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் சூன் வரையான பருவத்தில், கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகளும் வார இறுதி நாட்களில் 6,000 வண்டிகளும் என்று வரம்பு விதிக்கப்பட்டது. உள்ளூர் வண்டிகள், அரசுப் பேருந்துகள் முதலியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்பதை ஆராயும் பணி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திடமும் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களுக்கும் தடை உள்ளது.

காட்டுமாடுகள் நகரத் தெருக்களிலும் நடமாடுகின்றன. அமைதியாகத் தோன்றினும் அருகில் சென்று படமெடுக்க முயன்றவர்கள் தாக்கப்பட்டதுண்டு. கோடையில் சிறு நெருப்பும் காட்டுத் தீயாகப் பரவக் கூடும்.

செல்லும் வழியும் காலமும்

அருகிலுள்ள தொடருந்து நிலையம் சுமார் 80 கிமீ தொலைவில் அம்மையநாயக்கனூரில் உள்ள கொடைக்கானல் ரோடு ஆகும். மதுரை வானூர்தி நிலையம் ஏறத்தாழ 120 கிமீ தொலைவில் உள்ளது. வத்தலக்குண்டு வழியான பாதையும், 64 கிமீ தொலைவிலுள்ள பழனியில் இருந்து வரும் பாதையும் பெருமாள்மலையில் இணைகின்றன. வத்தலக்குண்டுப் பாதையில் உள்ள டம் டம் பாறை என்னும் இடத்தில் நின்று, தொலைவில் எலிவால் போல் மெல்லியதாக விழும் 297 மீட்டர் உயரமுள்ள தலையாறு அருவியைக் காணலாம்.

கோடையில் பகல் வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியும், குளிர்காலத்தில் இரவு வெப்பநிலை 8 பாகை அளவிலும் இருக்கும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையால் மலைப்பாதைகளில் மண்சரிவு ஏற்படுவதுண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் கூட்டம் குறைவு. நீலக்குறிஞ்சி பூப்பதும் இம்மாதங்களிலேயே ஆகும். 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்த இச்செடி, விதைகளை உதிர்த்தபின் மடிந்து, அவ்விதைகளில் இருந்தே மீண்டும் வளர்கின்றது. அடுத்த பூப்பு 2030ஆம் ஆண்டில் எதிர்பார்க்கப்படுகின்றது. அதற்குப் புல்வெளிகள் எஞ்சியிருக்க வேண்டும்.